மேலே ஒரு சாண்

எழுதிப் பழக்கமில்லாதவன் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நான் ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். அரசாங்கக் கட்டடங்களைப் பழுது பார்க்கும் பிரிவில் ஸ்டோர் கிராணியாக இருந்தேன். ஆட்குறைப்பு வந்தபோது, தலை முழுக்க நரைப்பதற்குள் வீட்டுக்கு அனுப்பப்பட்டேன். கயிறு, வாளி, வெள்ளையடிக்கும் மட்டை, ஏணி இவற்றைக் காலையில் கொடுத்து மாலையில் வாங்கி வைத்ததுதான் என் உத்தியோகம். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று பல நாள் தயங்கினேன்.

தயக்கத்தைப் போக்கியது போன மாதம் காதில் விழுந்த ஒரு செய்தி. கிள்ளானில் வேலை செய்த ஓர் ஆள் ஏணியிலிருந்து விழுந்துவிட்டாராம். என்னைப் பார்க்க வந்த உங்களில் ஒருவர்தான் சொன்னார். எப்படி விழுந்தார் என்று கேட்டேன். "தண்ணி போட்டிருந்தாராம் அண்ணே" என்றார். யார் சொன்னது என்றேன். எல்லாரும் சொல்கிறார்கள் என்றார். ஏணியின் கால் எங்கே இருந்தது என்று கேட்டேன். அவருக்குப் பதில் தெரியவில்லை என்பதைவிட, அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியவில்லை என்பதுதான் என்னைச் சுட்டது.

நம்மவன் உயரத்திலிருந்து விழுந்தால் முதல் கேள்வி குடித்திருந்தானா என்பது. எலும்பு முறிந்ததா, பிழைப்பானா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலும் அப்படித்தான். இன்றைக்கும் அப்படித்தான். அதனால் எழுதுகிறேன்.

ஏணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சுவர் நிற்கிறது, தரை படுத்திருக்கிறது, ஏணி சாய்ந்திருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் ஒரு முக்கோணம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எங்களுக்கு அதை இந்த மாதிரியே சொல்லிக் கொடுத்தார்: சாய்ந்ததன் வர்க்கத்திலிருந்து நின்றதன் வர்க்கத்தைக் கழித்தால், படுத்ததன் வர்க்கம் மிஞ்சும். எந்த இரண்டு தெரிந்தாலும் மூன்றாவதைப் பிடித்துவிடலாம். மூளை அதிகம் வேண்டாத கணக்கு. ஆனால் வேலைக்கு வந்த பிறகு பார்த்தேன், மூன்று பக்கத்தில் எல்லாரும் மறப்பது ஒன்றையேதான். படுத்திருக்கும் பக்கத்தை.

நான் கிள்ளான் ஸ்டோரில் இருந்தபோது ஒரு முறை, புதிதாக வந்த ஓவர்சியர் ஒருவர் இருபதடி ஏணி கேட்டு ஆள் அனுப்பினார். சுவர் எத்தனை அடி என்று கேட்டேன். இருபதடியாம். நான் ஏணி தர மறுத்தேன். அவர் கோபமாக நேரில் வந்தார். "சுவரு இருபது, ஏணி இருபது, அளவு சரியாத்தானே இருக்கு, ஒனக்கு என்ன கொறச்சல்?" என்றார். "சரியாத்தான் இருக்கு சார். சுவரோட ஒட்டி நிக்கும். ஏறுற ஆளு பல்லி மாதிரி இருந்தா போதும்" என்று என் வாயில் வந்துவிட்டது. அருகில் நின்ற ஆட்கள் சிரித்தார்கள். நான் பயந்து போய் உள்ளே ஓடிவிட்டேன். நல்ல மனிதர், அவரும் சிரித்துக்கொண்டு நீள ஏணியை எடுத்துப் போனார். தெரியாமல் கேட்டவர் அவர். தெரியாதவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் சொல்ல வந்தது தெரிந்தவர்களைப் பற்றி.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இரண்டு மாடி ஆபீஸ் ஒன்றுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தோம். மோட்டார் கார் இப்போது போல் ஓடாத காலம். யாரோ பெரிய மனிதர் கட்டடத்தைப் பார்வையிட வருகிறார், அதற்குள் முடிக்க வேண்டும் என்று உத்தரவு. அந்த வேலையை நடத்தியவர் எங்கள் மண்டோர். கெட்டிக்காரர். ஏணி வைப்பதில் அவரைப் போல் ஒருவர் இல்லை. "ஏணிக்கால தள்ளி வைடா, சுடுகாடு தள்ளி இருக்கும்" என்று ஆட்களிடம் நூறு முறை சொல்லியிருப்பார். இதை மறந்துவிடாதீர்கள். அந்த வாசகம் அவருடையது.

அந்தச் சுவருக்கு நாங்கள் கொடுத்தது இருபத்தைந்தடி ஏணி. எனக்கு முன் ஸ்டோரில் இருந்தவர், ஒவ்வொரு ஏணியின் விலாவிலும் சிவப்புச் சாயத்தில் இரண்டு எண் எழுதி வைத்திருந்தார். முதல் எண் ஏணியின் நீளம். இரண்டாவது, சுவரிலிருந்து கால் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பது. இந்த ஏணியில் இருபத்தைந்து, ஏழு என்று இருந்தது. காலை ஏழடி தள்ளி வைத்தால் தலை சரியாக இருபத்து நாலடியில் சுவரைத் தொடும்.

சுவரை ஒட்டி நாலடி அகலத்துக்குச் செங்கல் பாவிய நடை. அதற்கு அடுத்து லோங்காங் என்று நாம் சொல்கிற ஆழமான சாக்கடை, இரண்டடி. அதைத் தாண்டினால் வண்டிகள் போகும் சடக்கு. ஏழடி என்றால் ஏணியின் கால் சாக்கடையைத் தாண்டிச் சடக்கின் ஓரத்தில் நிற்கும். முதல் சில நாள் அப்படித்தான் நின்றது.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். சுவர் கீறாமல் இருக்க ஏணியின் இரண்டு தலையிலும் சாக்குத் துணி சுற்றுவார்கள். அது சாய்ந்த இடத்தில் ஈரச் சுண்ணாம்பு இழுபட்டு இரண்டு தடம் விழும். ஏணியை நகர்த்த நகர்த்தச் சுவரின் மேல் வரிசையாக இரண்டிரண்டு தடங்கள். வேலை முடிந்த பிறகு, நீளக் கழியில் மட்டையைக் கட்டி மாடி ஜன்னல் வழியாக அவற்றை ஒரே பூச்சில் மறைத்துவிடுவார்கள்.

ஒரு புதன்கிழமை காலையில், அந்த ஏணியிலிருந்து சடையன் என்ற ஆள் விழுந்தார். வெள்ளையடிப்பதில் எங்களிடம் இருந்தவர்களில் நல்ல கை. தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்.

செய்தி எனக்கு வந்தபோதே முடிவும் சேர்ந்து வந்தது. சடையன் குடித்திருந்தான். ஆஸ்பத்திரியில் வாடை அடித்ததாம். குடித்துவிட்டு வேலைக்கு ஏறியவனுக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்கு, ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் அறையும் இல்லை. எங்கள் பிரிவுக்கு அதிகாரியான வெள்ளைக்காரத் துரை அன்று மாலை அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

லயம் எங்கள் ஸ்டோருக்குப் பின்னால்தான். சடையனின் மனைவி அஞ்சலை இடுப்பில் ஒரு பிள்ளையோடு ஸ்டோர் வாசலில் வந்து நின்றார். மண்டோர் ஆள் அனுப்பி, சாயங்காலத்துக்குள் சாமான்களைக் கட்டி வைக்கச் சொல்லியிருந்தார். மனுஷன் ஆஸ்பத்திரியில் பிழைப்பாரா என்று தெரிவதற்குள் சட்டியையும் பானையையும் கட்டச் சொல்லி ஆள் வந்துவிட்டது.

"அண்ணே, சாமான எங்க கொண்டு வைக்கிறது? ஸ்டோர்ல ஒரு மூலையில வச்சுக்கிறீங்களா?" என்றார்.

நானோ, சடையன் குடித்திருந்தாரா என்று கேட்டுவிட்டேன். பாருங்கள், நானும் அதே கேள்வியைத்தான் கேட்டேன்.

அஞ்சலை அழவில்லை. "குடிப்பாரு. இல்லேங்கல. ஞாயித்துக்கெழம குடிப்பாரு. குடிச்சிட்டு என்னையும் பேசுவாரு, எங்கப்பனையும் பேசுவாரு. இன்னைக்குப் புதன்கெழம அண்ணே."

நான் கதவைச் சாத்திவிட்டு ஏணியைப் பார்க்கப் போனேன். அது என் வேலைதான். உடைந்த சாமான் கிடக்கும் இடத்துக்கு ஸ்டோர் கிராணி போயாக வேண்டும்.

ஏணி சாக்கடைக்குள் தலைகீழாகக் கிடந்தது. ஒரு பக்கச் சட்டம் நீளமாகப் பிளந்திருந்தது. மறுபடி நிறுத்திப் பார்க்க முடியாது. கால் எங்கே இருந்தது என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை. நடை முழுக்கச் சுண்ணாம்பு கொட்டிக் கிடந்தது, அதன் மேல் பத்துப் பேர் நடந்திருந்தார்கள். சடையனின் கூட்டாளி குப்பன் மட்டும் ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஏணிக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான்.

கால் எங்கே இருந்தது என்று கேட்டேன். "எப்பவும் போலத்தாண்ணே, சடக்கில" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் மேலே பார்த்தேன். மத்தியான வெயிலில் சுவர் பளீரென்று இருந்தது. முந்தின நாட்களின் தடங்கள் இரண்டிரண்டாக, நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசையில் போயின. கடைசி இரண்டு மட்டும் வரிசையை விட்டு மேலே ஏறியிருந்தன.

நான் கொண்டு போயிருந்த அளவு நாடாவைக் குப்பனிடம் கொடுத்து, மாடி ஜன்னலுக்குப் போய், மட்டைக் கழியில் கட்டி அந்த வித்தியாசத்தை அளக்கச் சொன்னேன். இரண்டு பேரும் போனோம். அவர் கழியைப் பிடித்தார், நான் ஜன்னலில் தொங்கிப் பார்த்தேன். முக்காலடி. நம் கைக்கு ஒரு சாண்.

ஒரு சாண்தானே என்று நினைக்கத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஜன்னல் கட்டையில் சுண்ணாம்புக் கட்டியால் கணக்குப் போட்டேன். சாய்ந்தது இருபத்தைந்து, அதன் வர்க்கம் அறுநூற்று இருபத்தைந்து. முந்தின நாட்களில் நின்றது இருபத்து நாலு, அதன் வர்க்கம் ஐந்நூற்று எழுபத்தாறு. மிச்சம் நாற்பத்தொன்பது, ஆக ஏழடி. அது தெரிந்த சங்கதி. இன்றைக்கு நின்றது இருபத்து நாலே முக்கால். அதன் வர்க்கம் அறுநூற்றுப் பன்னிரண்டரைக்குச் சற்று மேல். மிச்சம் பன்னிரண்டுக்கு மேல், பன்னிரண்டரைக்குள். அதற்கு வர்க்கமூலம் மூன்றரை.

தப்பு செய்துவிட்டேனோ என்று திரும்பப் போட்டேன். மூன்றரைதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கவனியுங்கள். ஏணியின் தலை ஒரு சாண் ஏறினால் கால் பாதிக்குப் பாதி உள்ளே வந்துவிடுகிறது. சாண் ஏற முழம் சறுக்கும் என்பார்கள், இங்கே சறுக்கியது இரண்டு முழத்துக்கு மேல். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தெரியும். நம் ஆட்களுக்கு ஏணியின் தலையைப் பார்த்துத்தான் பழக்கம், தலை தொட்டுவிட்டதா, சரி, ஏறு. மூன்றரை அடியில் நிற்கும் ஏணி கிட்டத்தட்ட நேராக நிற்கிறது. மேலே இருப்பவன் பின்னால் திரும்பி வாளியில் மட்டையை முக்கினால், ஏணியின் தலை சுவரை விட்டுப் பிரிந்துவிடும். அதற்குக் கள்ளும் வேண்டாம், சாராயமும் வேண்டாம்.

மூன்றரை அடி என்றால் சாக்கடைக்கு இந்தப் பக்கம், நடையின் மேல். ஏணியை யாரோ சடக்கிலிருந்து உள்ளே தள்ளி வைத்திருக்கிறார்கள்.

குப்பன் என் கணக்கைப் பார்த்துக்கொண்டே நின்றார். படிக்கத் தெரியாதவர். ஆனால் கடைசி எண்ணை நான் வாய்விட்டுச் சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு தானாகவே சொன்னார். முந்தின நாள் துரை காரில் வந்திருக்கிறார். சடக்கில் ஏணி நின்றதால் கார் ஒதுங்கிப் போக வேண்டியிருந்தது. சடக்கில் எதுவும் நிற்கக்கூடாது என்று மண்டோரிடம் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை மண்டோர் ஏணியை உள்ளே வைக்கச் சொன்னார். சடையன் ஏறமாட்டேன் என்றாராம். "ஏறலேன்னா எறங்கிப் போய்க்கிட்டே இரு" என்றாராம் மண்டோர்.

"அப்ப வாடை?" என்றேன்.

"அது நான்தாண்ணே" என்றார் குப்பன். "விழுந்து கெடக்கிறான், எலும்பு வெளிய தெரியுது, கத்துறான். மூலையில சீனர் கடைக்கு ஓடி ஒரு குவளை சம்சு வாங்கியாந்து வாயில ஊத்துனேன். வலி தெரியாம இருக்கட்டும்னு ஊத்துனேன். அது அவன் வேலைக்கே உல வைக்கும்னு எனக்குத் தெரியுமா?"

அவரை நான் என்ன சொல்ல முடியும்? நம்மில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். செய்த உபகாரத்தையே சாட்சியாக்கிவிட்டார்கள்.

கீழே மண்டோர் வந்துவிட்டார். நாங்கள் ஜன்னலில் இருப்பதைப் பார்த்து, "என்ன கிராணி, ஸ்டோர விட்டுட்டு மாடியில என்ன வேல? ஏணி நடந்து போயிடும்னு பாத்துக்கிட்டு இருக்கியா?" என்றார். இறங்கிப் போய், மேல் தடத்தைக் காட்டினேன். அவர் அண்ணாந்து பார்த்தார். அவருக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பார்த்த மாத்திரத்தில் அவர் முகம் மாறியதைக் கண்டேன். ஆனாலும் சிரித்தார்.

"ஒரு சாண் மேல ஏறியிருக்கு, அவ்வளவுதானே. சாமிக்குக் கொஞ்சம் கிட்டப் போயிருக்கான்னு வச்சுக்க." பிறகு ஆட்களைக் கூப்பிட்டு, சாப்பாடு முடிந்ததும் முதல் வேலையாக அந்தத் தடங்களை மறைக்கச் சொன்னார்.

அந்தச் சிரிப்பு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சுடுகாடு தள்ளி இருக்கும் என்று சொல்லிக் கொடுத்த வாய் அது.

அவர்கள் சாப்பிட்டு எழுந்திருக்கும் வரைதான் எனக்கு நேரம். துரையிடம் போய் மண்டோர் மேல் குற்றம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். என்னைப் போன்றவன் ஆபீஸ் வாசலில் நின்று வாய் திறப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அப்போதுதான் எனக்கு என் வேலையே வழி காட்டியது. உடைந்த சாமானைக் கணக்கிலிருந்து தள்ள வேண்டுமானால், அதிகாரி அது உடைந்த இடத்தில் தம் கண்ணால் பார்க்க வேண்டும். அது ஸ்டோர் விதி. ஒரு மண்வெட்டிக் காம்புக்குக்கூட அப்படித்தான். ஆகவே துரையிடம் போய், ஏணி ஒன்றைத் தள்ள வேண்டும், வந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். ஆள் விழுந்த இடத்தைப் பார்க்க வராத மனிதர், ஏணி உடைந்த இடத்தைப் பார்க்கத் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு எரிகிறது.

துரை வந்ததும் மண்டோர் ஓடி வந்தார். துரை ஏணியைக் காலால் புரட்டினார். "மாபோக்?" என்று மண்டோரிடம் மலாயில் கேட்டார். குடித்திருந்தானா என்று அர்த்தம். மண்டோர் "மாபோக், துவான்" என்றார்.

ஏணியின் விலாவில் இருந்த சிவப்பு எண்களைத் துடைத்துக் காட்டினேன். பிறகு மேலே இருந்த தடங்களைக் காட்டினேன். துரை முதலில் அலட்சியமாகத்தான் பார்த்தார். பிறகு வரிசையைக் கண்ணால் தொடர்ந்து போய்க் கடைசி இரண்டில் நின்றுவிட்டார். அந்த வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டார். முக்காலடி என்றேன்.

அவர் என்ஜினீயர். அவருக்கு என் கணக்கு தேவைப்படவில்லை. பையிலிருந்து பென்சிலை எடுத்து, காய்ந்த வெள்ளைச் சுவரிலேயே எழுதினார். நான் ஜன்னல் கட்டையில் போட்ட அதே எண்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக விழுந்தன. கடைசியில் மூன்றரை என்று வந்ததும் அதன் கீழே ஒரு கோடு இழுத்தார்.

மண்டோர் விடவில்லை. நடை சடக்கைவிட உயரம், அதனால்தான் தலை மேலே ஏறியிருக்கிறது என்றார். கெட்டிக்காரர் என்று சொன்னேன் அல்லவா? அப்படி ஒரு சந்தேகம் எனக்கும் வந்திருந்தது. அதனால் ரசமட்டத்தை ஸ்டோரிலிருந்து கையோடு கொண்டு வந்திருந்தேன். சாக்கடையின் குறுக்கே பலகை போட்டு அதை மேலே வைத்தேன். துரை குனிந்து பார்த்தார். குமிழ் நடுவில் நின்றது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மட்டம். அப்படியிருக்கத் தடம் மட்டும் மேலே போக வேறு காரணம் இல்லை.

"ஏணியை உள்ளே வைக்கச் சொன்னது யார்?" என்று துரை கேட்டார்.

மண்டோர் உடைந்த ஏணியை ஒரு முறை பார்த்தார். பிறகு, "நேத்து துவான்தானே சொன்னீங்க, சடக்கில ஒண்ணும் நிக்கக் கூடாதுன்னு" என்றார்.

துரை சுவரில் தாம் எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் வாயைப் பார்த்தேன். அந்த நிமிஷத்தில் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் உத்தரவு தப்பு என்று சொல்லியிருக்க வேண்டாம், ஏணி தப்பாக நின்றது என்று சொல்லியிருந்தால் போதும். கணக்கு அவர் கையெழுத்தில் சுவரில் இருந்தது.

அவர் அறிக்கைத் தாளை எடுத்தார். குடியைப் பற்றிய வரியை அடித்தார். அதன் மேல் ஏதோ எழுதி, மண்டோருக்குப் புரியட்டும் என்று மலாயிலும் சொன்னார். வேலை செய்யும்போது ஆள் தவறி விழுந்தான்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. என் வாழ்நாளில் ஒரு துரையிடம் கேட்காமல் நானாகச் சொன்னது அது ஒன்றுதான். "அவன் தவறவில்லை, துரை" என்றேன்.

"போதும், ஸ்டோர்கீப்பர்" என்றார். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். ஏணியைத் தள்ளுவதற்கான தாளிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

அஞ்சலையிடம் போய், சாமான்களை அவிழ்க்கச் சொன்னேன். அறை போகவில்லை. சடையன் பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒரு கால் குட்டையாகித் திரும்பி வந்தார். பிறகு எங்கள் ஸ்டோரிலேயே காவலுக்கு இருந்தார். அவருடைய அறை தப்பியதை எண்ணி நான் சந்தோஷப்பட வேண்டும் என்று பலர் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏறமாட்டேன் என்று சொன்னவரை ஏற்றிவிட்டு, விழுந்ததும் குடிகாரன் என்றார்கள். அது பலிக்காது என்றதும் தவறி விழுந்தான் என்றார்கள். முதலில் அவர் குணத்தின் மேல் போட்டார்கள், பிறகு அவர் காலின் மேல் போட்டார்கள். ஏணியின் கால் மேல் மட்டும் யாரும் போடவில்லை. அது தெரியாதவர்கள் அங்கே ஒருவரும் இல்லை. மண்டோருக்குத் தெரியும், துரைக்குத் தெரியும், ஏறிய சடையனுக்கும் தெரியும். தெரிந்தவர்கள் கூடியிருந்த இடத்தில்தான் அது நடந்தது.

தம்பிமார்களே, உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது அதிகம் இல்லை. ஒருவர் விழுந்தார் என்று கேட்டால், அவர் வாயை மோந்து பார்ப்பதற்கு முன் சுவரைப் பாருங்கள். ஏணி எடுபட்டிருந்தாலும் பரவாயில்லை. அதன் நீளத்தை யாரும் மாற்றிச் சொல்ல முடியாது. அது தொட்ட இடத்தை உடனே அளந்துவிடுங்கள், சுண்ணாம்பு பூசுவதற்குள். மூன்றாவது பக்கம் தானாக வரும். ஏணி வைக்கும்போது தலையைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். காலுக்கு இடம் இல்லை என்று யாராவது சொன்னால், இடம் யாருக்காக ஒழிக்கப்படுகிறது என்று கேளுங்கள். கேட்க வாய் வராவிட்டால், என்னைப் போல் ஒரு விதியையாவது பிடித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை முதல் ரயிலில் கிள்ளானிலிருந்து அதே நீளத்தில் வேறு ஏணி வந்தது. மண்டோர் அதன் காலைச் சாக்கடைக்கு அப்பால் சடக்கில், ஏழடியில் வைத்தார். குப்பன் ஏறினார். மேலிருந்த தடங்களையும், கீழே துரை பென்சிலால் எழுதியதையும் சேர்த்து வெள்ளையடித்துவிட்டார்கள். பத்து மணி போல் ஒரு கார் வந்தது. ஏணியைக் கண்டு வேகத்தைக் குறைத்தது, கொஞ்சம் ஒதுங்கிப் போய்விட்டது.